பூனை வந்துச்சா?

எனக்கு அருவருப்பு அவ்வளவு லேசில் வராது. நகராட்சியில் செத்த பிராணிகளை அள்ளுகிற வண்டி என்னுடையது. மழையில் ஊறிய நாய், சாக்கடையில் உப்பிக் கிடக்கிற பெருச்சாளி, லாரிச் சக்கரத்தில் தட்டையாகிப்போன ஓணான் என்று எல்லாவற்றையும் அள்ளிக் கோணியில் கட்டியிருக்கிறேன். கட்டிப் போட்டுவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, அதே வண்டியின் படியில் உட்கார்ந்து சாப்பிட்டும் இருக்கிறேன். பார்க்கிறவர்கள்தான் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். எனக்குப் பட்டப்பெயரே கோணிதான். கோபம் வந்தால் கூடப்பிறந்த அக்காவும் அப்படித்தான் கூப்பிடுவாள். செத்தது நாறத்தான் செய்யும், அது அதன் குற்றமா? இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், அந்த வாரம் எனக்கு வந்த குமட்டல் பிணத்தைப் பார்த்து வந்ததில்லை என்று உங்களுக்குத் தெரிய வேண்டும்.

முதலில் பூனைகள் செத்தன. கோழிக்கடைகள் வரிசையாக இருக்கும் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. அங்கே தெருப்பூனைகள் ஒன்றன்பின் ஒன்றாக விழ ஆரம்பித்தன. சாகப்போகிற பூனை எங்காவது மறைவாகப் போய்ப் படுத்துக்கொள்ளும். மனிதனைவிட அதற்கு மானம் ஜாஸ்தி. இவை நடுச்சந்தில் எல்லார் கண்ணெதிரிலும் செத்தன. கண் இரண்டும் பீளை கட்டி ஒட்டிக்கொண்டு, மூக்கில் சளி ஒழுக, வாயில் கோழை நூல் நூலாகத் தொங்க, ஒரு சாம்பல் பூனை விளக்குக் கம்பத்தையே சுற்றிச் சுற்றி வந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுவரில் முட்டியது. திரும்பி வந்து மறுபடியும் அதே சுவரில் முட்டியது. அப்புறம் காலை உதைத்துக்கொண்டு விழுந்தது.

நான் போய்க் கால்நடை டாக்டரம்மாவிடம் சொன்னேன். அந்த அம்மா வந்து பார்த்துவிட்டு, இத்தனை நாள் சாதாரணக் கையுறையோடு இதை அள்ளினீர்களா என்று என்னைத்தான் முதலில் வாங்கு வாங்கென்று வாங்கினார். முகக்கவசம், கண்ணாடி, மேலே போட்டுக்கொள்ள ஒரு அங்கி எல்லாம் கொடுத்தார். பூனைகளின் மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சைவிட்டுத் துடைத்துச் சோதனைக்கு அனுப்பினார். பறவைக் காய்ச்சல் என்று முடிவு வந்தது. நோய் வந்த கோழியைப் பச்சையாகத் தின்றால் பூனைக்கும் அது தொற்றுமாம். மனிதருக்கு வருவது அபூர்வம், ஆனால் வரும் என்றார். வெந்த கறியால் பயமில்லை. பச்சையாக அறுப்பது, குடலைப் பிடுங்குவது, நோயுற்ற பூனையைத் துடைப்பது, இவைதான் ஆபத்து. அப்படித் தொட்டவர்களுக்குக் கண் சிவந்தாலோ காய்ச்சல் அடித்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், மாத்திரையைச் சீக்கிரம் ஆரம்பித்தால்தான் பலன் என்று இரண்டு தடவை சொன்னார்.

கடை கடையாக ஏறி இறங்கினார் டாக்டரம்மா. எங்கள் கோழி தங்கம், எங்கள் கோழி வைரம் என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். கடைசியில் என்னிடம் வந்து, இந்தச் சந்திலேயே அலைகிறவர் நீங்கள், பூனைகளுக்கு யார் என்ன போடுகிறார்கள் என்று கொஞ்சம் விசாரியுங்கள் என்றார். அந்தத் தெருவில்தான் என் அக்கா புருஷன் கடையும் இருக்கிறது என்பதை நான் சொல்லவில்லை. மறைக்க நினைக்கவில்லை. அந்தக் கடைமேல் எனக்குச் சந்தேகமே வரவில்லை, அவ்வளவுதான்.

ஏனென்றால் அத்தான் அவ்வளவு சுத்தக்காரர். சுவரெல்லாம் வெள்ளை டைல்ஸ். கண்ணாடிப் பெட்டிக்குள் கறி. தலையில் வலைத்தொப்பி, சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் இருக்காது. ரோஜா வாசனை பினாயில் ஊற்றித் தரையை ஓயாமல் கழுவவிடுவார். வெந்நீரில் முக்கியெடுத்த இறகின் வாடையும் அந்த ரோஜா வாடையும் கலந்து மூக்கில் ஏறும்போது எனக்கு எப்போதும் வயிற்றைப் புரட்டும். ஆனால் அது என் மூக்கின் கோளாறு என்று விட்டுவிட்டேன். கடைக்கு மேலேதான் அவர்கள் வீடு. பின்பக்கம் ஒரு இரும்புப் படி. சந்துப் பூனைகள் எல்லாம் அந்தப் படியில்தான் கூடும். அக்காவுக்குக் குழந்தை இல்லை. ஒவ்வொரு பூனைக்கும் ஒரு செல்லப்பேர் வைத்து, முந்தானையை நனைத்து அவற்றின் கண்ணைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பாள். அத்தானும் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் முதல் வேலையாகப் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "பூனை வந்துச்சா?" என்று கேட்பார். தெருவில் இருக்கிற பொம்பளைகள் எல்லாம் அவரைப் பற்றிப் பேசும்போது, வாயில்லா ஜீவன்மேல் எவ்வளவு பிரியம் பாரு என்று உருகுவார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தான் கடையில் கோழி வெட்டுகிறவருக்கு ஈரக்கை என்று பெயர். எப்போது கைகொடுத்தாலும் ஈரமாகத்தான் இருக்கும். சூதுவாது தெரியாத மனுஷன். பின்பக்கம் உட்கார்ந்து இறகு பிடுங்கிக்கொண்டிருந்தவரிடம் போய், இந்தப் பூனைகளுக்கு என்னதான் போட்டீர்கள் என்று பேச்சுக் கொடுத்தேன். அவர் மழுப்பவில்லை. ஏதோ தொழில் நுணுக்கத்தை விளக்குகிற மாதிரி சந்தோஷமாகவே சொன்னார்.

பண்ணையிலிருந்து வண்டியில் வரும்போதே கூண்டுக்குள் சில கோழிகள் செத்துக் கிடக்கும். அவற்றுக்கு அந்தக் கடையில் 'விழுந்தது' என்று பெயர். மற்ற கடைகளில் அதைத் தூக்கிப் போட்டுவிடுவார்களோ என்னவோ, அத்தான் போடமாட்டார். சூடு தாங்காமல் செத்ததா, சீக்கு வந்து செத்ததா என்று கண்டுபிடித்துவிட்டால் சூட்டில் செத்ததைக் கொத்துக்கறியாக்கிச் சின்னச் சாப்பாட்டுக் கடைகளுக்குத் தள்ளிவிடலாம் அல்லவா? எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்குத்தான் பூனை. விழுந்த கோழியின் ஈரலைச் சாயங்காலம் பூனைக்குப் போடுவார்கள். மறுநாள் காலையில் அந்தப் பூனை வழக்கம்போலப் படியில் வந்து உட்கார்ந்தால் கோழி பாஸ். ஐஸில் இருக்கிறதை எடுத்துக் கொத்த வேண்டியதுதான்.

"பூனை வந்துச்சான்னு அண்ணன் கேக்குறது அதுக்குத்தான். வரலேன்னாதான் யோசிக்கணும்," என்றார் ஈரக்கை.

எனக்கு அங்கேயே வாயில் எச்சில் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுமே அந்த எச்சில். புழுத்த நாயை அலுங்காமல் தூக்குகிறவன் நான். வெள்ளை டைல்ஸும் வலைத்தொப்பியும் கண்ணாடிப் பெட்டியும் ரோஜா வாசனையும் எல்லாம் சேர்ந்து என் தொண்டையில் வந்து நின்றன. ஒரு உயிரை நாக்காக வைத்துக்கொண்டு வியாபாரம் பண்ணியிருக்கிறார் மனுஷன். அந்தச் சோதனையிலும் புத்தி இல்லை. பூனைக்குச் சீக்கு வெளியே தெரியப் பல நாள் ஆகும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். மறுநாள் அது வாலை ஆட்டிக்கொண்டு வரத்தான் செய்யும். அதற்குள் கொத்துக்கறி ஊரார் வயிற்றுக்குப் போயிருக்கும். பிறகு பூனை செத்தால் யாரோ விஷம் வைத்துவிட்டான், வண்டியில் அடிபட்டுவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். இவ்வளவும் தெரிந்த பிறகும் இங்கே அவரை 'அவர்' என்றுதான் எழுதுகிறேன் பாருங்கள், அக்கா புருஷன் என்கிற பழக்க தோஷம்.

ஈரக்கையிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். பூனைகள்தான் பூண்டோடு செத்துவிட்டனவே, இப்போது என்ன செய்கிறீர்கள் என்று.

அவர் கை இறகிலேயே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. தலையை மட்டும் தூக்கி இரும்புப் படியைக் காட்டினார்.

"இப்போ மேல போவுது," என்றார். "அக்கா அறுத்துச் சுத்தம் பண்ணி சமைச்சுப் பாக்கும். வாடை அடிச்சா சொல்லும். அப்புறம் மறுநாள் அண்ணன் உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டுக்குவாரு."

ஞாயிற்றுக்கிழமை நானும் அந்த வீட்டில் மூக்குமுட்டச் சாப்பிட்டிருந்தேன். கறி கொஞ்சம் கறுத்திருந்தது, அக்கா வழக்கத்தைவிடக் காரம் போட்டிருந்தாள். மறுநாள் காலையில் அத்தான் போன் போட்டு, உடம்பெல்லாம் சௌக்கியமா மாப்ள என்று விசாரித்தார். அக்காவைக் கட்டி இத்தனை வருஷத்தில் அந்த மனுஷன் என் உடம்பைப் பற்றிக் கேட்டதே கிடையாது. எனக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. என்ன ஒரு அக்கறை என்று என் பெண்டாட்டியிடம் பெருமையடித்தேன். அதை நினைத்ததும் அந்த இரும்புப் படியின் கீழேயே குனிந்து வாந்தி எடுத்தேன். ஈரக்கை ஓடிவந்து தன் ஈரக் கையால் என் முதுகைத் தடவினார். தொடாதீர்கள் என்று கத்திவிட்டு மேலே ஏறினேன்.

அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கண் இரண்டும் கோவைப்பழமாகச் சிவந்திருந்தன. ஓரத்தில் பீளை. ஒரு பேச்சுக்கு இரண்டு இருமல். நெற்றியைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டியவன், டாக்டரம்மா சொன்னது ஞாபகம் வந்து, பையிலிருந்த முகக்கவசத்தை மாட்டிக்கொண்ட பிறகு தொட்டேன். கொதித்தது. கூடப்பிறந்தவளைத் தொட உறை போட வேண்டியிருந்தது என்பதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆறவில்லை. நேற்று ராத்திரிதான் ஆரம்பித்தது, தூசி விழுந்துவிட்டது, அவ்வளவுதான் என்றாள். எல்லாம் கீழே கேட்டுவிட்டேன் என்று சொன்னேன். அவள் ஒன்றும் பதறவில்லை.

"சூட்டுல செத்த கோழிடா அது. கெட்டுப்போனா எனக்குத் தெரியாதா?"

"பூனைங்க எதுல செத்துச்சு?"

"அதை ஏன்டா கேக்குற," என்றவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சாம்பல் பூனை சாவதற்கு முந்தின ராத்திரி அவள் மடியில்தான் கிடந்ததாம். முட்டி முட்டி நெற்றி வீங்கியிருந்ததாம். வாயைத் துடைத்துத் துளித்துளியாகத் தண்ணீர் விட்டாளாம். இதைச் சொல்லும்போது மட்டும் அழுதாள். உனக்கு வந்திருப்பதும் அதுவாக இருக்கலாம், கிளம்பு ஆஸ்பத்திரிக்கு என்றேன். முடியவே முடியாது என்றாள். போனால் கேள்வி கேட்பார்கள், கடைக்குச் சீல் வைப்பார்கள், அவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அவர் என்ன வேண்டுமென்றா செய்தார் என்று அவருக்கு வக்காலத்து வாங்கினாள். உன்னைப் பூனையாக்கி வைத்திருக்கிறாரே அக்கா, உனக்குக் கூசவில்லையா என்று கேட்டேன்.

"என்னை மட்டுமா? அவரும்தான் சாப்பிட்டாரு. ஒரே சட்டியிலதான் ரெண்டு பேருக்கும் போட்டேன். புருஷன் சாப்பிடறதை நான் சாப்பிடக் கூடாதா?"

அது உண்மையாக இருந்தால் அந்த ஆளைப் பேராசைக்காரர், மடையர் என்று சொல்லலாம். அதற்குமேல் ஒன்றும் சொல்வதற்கில்லை. கெஞ்சி, திட்டி, நீ வராவிட்டால் நான் இந்தப் படியைவிட்டு இறங்கமாட்டேன் என்று சண்டித்தனம் பண்ணி, கடைசியில் ஒரு நிபந்தனையோடு கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் கண் வலி, காய்ச்சல் என்று மட்டும்தான் சொல்ல வேண்டும். பூனை, கோழி என்று நான் வாயைத் திறந்தால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுவாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன். ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும்தான் இந்த வாக்கு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அத்தானும் கூட வந்தார். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள், அது காவல். குளித்து, பவுடர் போட்டு, இஸ்திரிச் சட்டையோடு ஆட்டோவில் அக்காவுக்கும் எனக்கும் நடுவில் உட்கார்ந்தார். வழியெல்லாம் அவள் தோளைத் தட்டிக்கொடுத்தபடியே இருந்தார். அந்தக் கையிலிருந்து ரோஜா பினாயில் வாடை வீசியது.

ஆஸ்பத்திரி டாக்டர் சின்ன வயசுக்காரர், நிதானமானவர். டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார். இந்தப் பக்கம் பூனைகளுக்குப் பறவைக் காய்ச்சல் வந்திருக்கிறதே, பூனை ஏதாவது தொட்டீர்களா என்று அவரே கேட்டுவிட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சாம்பல் பூனைக்காகச் சற்றுமுன் அழுத கண்தானே அது.

"நான் பூனையே வளக்கலை," என்றாள் அக்கா.

"எங்க கடைப்பக்கம் பூனையே வராது டாக்டர். அவ்வளவு சுத்தமா வெச்சிருக்கேன்," என்றார் அத்தான்.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டுக் கண்ணுக்குச் சொட்டு மருந்து எழுதக் குனிந்தார். என்னால் அதற்குமேல் முடியவில்லை. பொய் சார், எல்லாம் பொய் என்று எழுந்து நின்றேன். இவள் சீக்கு வந்த பூனைகளைத் துடைத்தாள், கூண்டில் செத்த கோழியைத் தன் கையால் அறுத்தாள் என்று கொட்டிவிட்டேன். அக்கா உடனே செருப்பைத் தேடிக் காலை நீட்டினாள். அத்தான் சிரித்தார். மாப்ளைக்குக் குடும்பத் தகராறில் கொஞ்சம் கோபம் டாக்டர், எங்கள் கடைக்குச் செத்த கோழி என்று ஒன்று வந்ததே கிடையாது என்றார். அந்தச் சிரிப்பை என்னிடமிருந்து டாக்டரிடம் திருப்பின சாமர்த்தியம் இருக்கிறதே, அதற்கு ஒரு கும்பிடு போடலாம்.

டாக்டர் பேனாவை மூடிவைத்தார். நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டு மூன்று பேரையும் பார்த்தார். தம்பி சொல்வது நிஜமென்றால் மாத்திரையை இப்போதே ஆரம்பித்து அம்மாவைத் தனி வார்டில் வைக்க வேண்டும், பொய்யென்றால் சொட்டு மருந்தோடு வீட்டுக்குப் போகலாம் என்றார். அப்புறம் அத்தான் பக்கம் திரும்பினார்.

"நிஜம்னா உங்களையும் வெளியே விட முடியாது. ஒரே வீடு, ஒரே சமையல். டெஸ்ட் முடிவு வர்ற வரைக்கும் நீங்களும் உள்ளே இருக்கணும்."

அத்தான் முகத்தில் அதுவரைக்கும் ஒட்டியிருந்த சிரிப்பு சட்டென்று கழன்றது. உள்ளே என்றால் எங்கே என்று கேட்டார். டாக்டர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே ஒரு நோயாளி மூச்சுக் குழாயோடு இருமிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் அத்தானுக்கு வேர்த்துவிட்டது. இஸ்திரிச் சட்டையின் அக்குள் நனைந்தது.

"எனக்கு எதுக்கு டாக்டர்? நான் அதைச் சாப்பிடவே இல்லையே," என்றார். "கையால தொடக்கூட இல்லை."

"எதை?" என்று கேட்டார் டாக்டர்.

அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். செருப்பில் பாதி நுழைந்திருந்த அக்காவின் கால் அப்படியே நின்றது.

"சாப்பிட்டீங்களே," என்றாள் அவள். டாக்டரிடமில்லை, அவரிடம். "நான்தானே போட்டேன். தட்டு காலியா இருந்துச்சே."

அவர் அவளைப் பார்க்காமல் டாக்டரைப் பார்த்துத்தான் பதில் சொன்னார். அவள் தண்ணீர் எடுக்க உள்ளே போகும்போது தட்டில் இருப்பதைப் பேப்பரில் மடித்து வைத்துக்கொள்வாராம். கீழே வந்ததும் அதை இறகு மூட்டையில் போட்டுவிடுவாராம். ஒரு துண்டுகூட உள்ளே போகவில்லை, அப்புறம் கையைப் பினாயில் ஊற்றிக் கழுவிக்கொள்வேன், வேண்டுமானால் மோந்து பாருங்கள் என்று இரண்டு கையையும் டாக்டரிடம் நீட்டினார். நான் அவ்வளவு ஜாக்கிரதையான ஆள் டாக்டர், என்னை எதற்கு உள்ளே வைக்கிறீர்கள் என்று கெஞ்சினார். தன்னைக் காப்பாற்றிக்கொள்கிற அவசரத்தில், பெண்டாட்டி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள் என்பதே அந்த மனுஷனுக்கு மறந்துபோயிருந்தது.

அவரை அடித்திருக்க வேண்டும். கை எழவில்லை. தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்பது மாதிரி ஒரு அருவருப்பு, நான் இன்னும் ஒரு எட்டுத் தள்ளித்தான் நின்றேன்.

அக்கா அழவில்லை. காலைச் செருப்பிலிருந்து மெல்ல உருவி, நாற்காலியில் நேராக உட்கார்ந்துகொண்டாள். சொல்ல ஆரம்பித்தாள். எந்தக் கோழி எப்படி வந்தது, எதை அறுத்தாள், எந்தப் பூனை எப்படிச் செத்தது, கொத்துக்கறி எந்தெந்தச் சாப்பாட்டுக் கடைக்குப் போகும் என்று ஒன்றுவிடாமல், இருமலுக்கு இருமல் நிறுத்திச் சொன்னாள். அத்தான் நடுவில் ஏய் என்றார். அவள் திரும்பவே இல்லை. டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டார். மாத்திரை வந்தது. தண்ணீரோடு அதை விழுங்கியதை நான் என் கண்ணால் பார்த்தேன். நேற்றுதானே ஆரம்பித்தது, நேரத்தோடு வந்துவிட்டீர்கள் என்று டாக்டர் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. வெளியே போய்க் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கடையின் பேரைச் சொல்லிவிட்டு வந்தேன்.

நான் திரும்பி வரும்போது நர்ஸ் அவளை வார்டுக்கு அழைத்துப் போகத் தயாராக நின்றிருந்தாள். அத்தான் கதவோரம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றார்.

"வீட்டுல வேற யாரும்மா இருக்காங்க?" என்று கேட்டாள் நர்ஸ்.

"யாரும் இல்லை," என்றாள் அக்கா. "நானும் பூனைங்களும்தான் இருந்தோம். பூனைங்க செத்துப் போச்சு."